பாதி விலை வண்டி, முழு விலைச் செலவு

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பழைய கார் விற்கும் கடைக்கு ‘கார் கன்சல்டிங்’ என்று பெயர். எந்தக் கன்சல்டிங்கிலும் ரோட்டைப் பார்த்த முன்வரிசை பெரிய எஸ்.யூ.வி.க்களுக்குத்தான். கழுவித் துடைத்து, டயருக்கு பாலிஷ் போட்டு நிறுத்தியிருப்பார்கள். வெள்ளை ஃபார்ச்சூனர், கறுப்பு எண்டவர், எக்ஸ்.யூ.வி.500, சஃபாரி ஸ்டார்ம். புதிதாக ஒரு பலேனோவை ரோட்டில் இறக்க ஆகும் பணத்துக்குக் கொஞ்சம் மேலே போனால், குடும்பமே ஏறி உட்கார்ந்து பழனிக்கும் போகலாம், வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறலாம். ஊருக்குள் அந்த வண்டி வந்து நின்றால் கிடைக்கும் மரியாதைக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். அந்த ஆசையில் தவறே இல்லை. தவறு கணக்கில்தான் நடக்கிறது.

வருடத்துக்கு வருடம் வண்டியின் விலை மட்டும்தான் இறங்குகிறது. அதன் பாகங்களின் விலையும், மெக்கானிக்கின் கூலியும், ஊற்ற வேண்டிய ஆயிலும், மாட்ட வேண்டிய டயரும் கூடவே இறங்குவதில்லை, ஏறிக்கொண்டே போகின்றன. 2016 ஜனவரியில் ஃபோர்டு எண்டவர் புதிய வடிவில் வந்தபோது எக்ஸ்-ஷோரூம் விலை 24.75 லட்சத்தில் தொடங்கி 29 லட்சத்தைத் தாண்டியது. அதே ஆண்டு நவம்பரில் வந்த இரண்டாம் தலைமுறை ஃபார்ச்சூனரின் தொடக்க விலை ஏறத்தாழ 26 லட்சம். இன்று அந்த எண்டவர் பாதி விலைக்குக் கிடைக்கும். அதன் டர்போவையோ ஹெட்லைட்டையோ பாதி விலைக்கு யாரும் தருவதில்லை. பன்னிரண்டு லட்சம் கொடுத்து வாங்கியவர் பராமரிக்கப்போவது முப்பது லட்ச ரூபாய்க் காரை. இதைத் தெரிந்துகொண்டு வாங்குகிறவர்கள் பல வருடம் நிம்மதியாக ஓட்டுகிறார்கள். தெரியாமல் வாங்கியவர்களின் வண்டிதான் வருடம் திரும்புவதற்குள் மறுபடியும் கன்சல்டிங் முன்வரிசைக்கு வந்து நிற்கிறது.

கம்பெனி போன பிறகு

பழைய பெரிய வண்டிகளில் கொடுக்கும் காசுக்கு அதிகம் தருவது எண்டவர்தான் என்று தயங்காமல் சொல்வேன். 3.2 லிட்டர், ஐந்து சிலிண்டர் டீசல் என்ஜின், 200 குதிரைத்திறன், 470 நியூட்டன் மீட்டர் இழுவிசை. நெடுஞ்சாலையில் அது ஓடும் நிதானமும், உள்ளே இருக்கும் அமைதியும், பின்சீட்டுக்காரருக்குக் கிடைக்கும் சொகுசும் அதே வயது ஃபார்ச்சூனரில் கிடையாது. அப்படியிருந்தும் ஃபார்ச்சூனரைவிடப் பல லட்சம் குறைவாக விற்கிறது. காரணம் வண்டிக்குள் இல்லை, மறைமலை நகரில் இருக்கிறது.

செங்கல்பட்டு போகும் வழியில் உள்ள அந்த ஆலையில்தான் எண்டவர் தயாரானது. 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. சர்வீஸும் பாகங்களும் தொடரும் என்று சொன்னார்கள், தொடரவும் செய்கின்றன. ஆனால் சர்வீஸ் சென்டர்கள் குறைந்துபோயின. 2024-ல் அந்த ஆலையை ஏற்றுமதிக்காக மறுபடியும் பயன்படுத்த விரும்புவதாகத் தமிழக அரசிடம் நிறுவனம் கடிதம் கொடுத்தது. அந்தச் செய்தியைக் காட்டி, ‘ஃபோர்டு திரும்ப வருது சார், ரேட் ஏறிடும்’ என்று சொல்கிற புரோக்கர்கள் இருக்கிறார்கள். ஏற்றுமதிக்கு என்று வரும் ஆலையை நம்பி, இங்கே ஓடும் எண்டவருக்குப் பாகம் வந்துவிடும் என்று யாரும் பணம் போட வேண்டாம்.

தமிழ்நாட்டில் உருவாகி, தாய்வீடு இல்லாமல் போன பெரிய வண்டி அது ஒன்று மட்டுமில்லை. மிட்சுபிஷி பஜேரோ ஸ்போர்ட் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் பொருத்தப்பட்டது. இன்று அதற்கும் அதே நிலைமைதான். செவர்லே விற்பனை 2017 இறுதியோடு முடிந்ததால் ட்ரெயில்பிளேசர், கேப்டிவா வைத்திருப்பவர்களும் இந்த வரிசையில் வருவார்கள்.

இந்த வண்டிகளுக்குப் பாகமே கிடைக்காது என்பது உண்மையில்லை. ஃபில்டர், பிரேக் பேட், புஷ், பெல்ட் என்று தேயும் சாமான்கள் எல்லாம் வெளி மார்க்கெட்டில் கிடைக்கின்றன. எண்டவரை வெளிநாடுகளில் எவரெஸ்ட் என்ற பெயரில் விற்கிறார்கள். தாய்லாந்தின் ராயோங்கில் அதுவும், இதே என்ஜினைக் கொண்ட ரேஞ்சர் பிக்கப்பும் தயாராகின. அதனால் என்ஜின் சாமான்களை அங்கிருந்து வரவழைத்துத் தருகிறவர்கள் உண்டு. கிடைக்கிறதா என்பதைவிட எத்தனை நாளில் கிடைக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. ஒரு ஏ.பி.எஸ். யூனிட்டுக்கோ கண்ணாடிக்கோ எலெக்ட்ரானிக் கன்ட்ரோல் பெட்டிக்கோ வண்டி வாரக்கணக்கில் வொர்க்‌ஷாப்பில் தூசி படிந்து நிற்கும். சென்னையில் இருப்பவர் புதுப்பேட்டையிலும், கோவைக்காரர் உக்கடத்திலும் உடைத்த வண்டியின் சாமானைத் தேடி அலைவார். ஆகவே கை தேர்ந்த மெக்கானிக்கும் நல்ல ஸ்கேனரும் உள்ள வொர்க்‌ஷாப் பக்கத்தில் இருந்து, வீட்டில் ஓட்டுவதற்கு இன்னொரு வண்டியும் இருந்தால் எண்டவர் வாங்குங்கள். அது ஒன்றுதான் வண்டி, அதில்தான் தினமும் வேலைக்குப் போக வேண்டும் என்றால், எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

பத்து நிமிட ஆயில்

எண்டவரின் 2.2, 3.2 என்ஜின்களில் ஒரு விஷயம் இருக்கிறது. அதைத் தெரியாத மெக்கானிக், கெட்ட எண்ணம் எதுவுமே இல்லாமல் என்ஜினைக் கொன்றுவிட முடியும்.

நம் ஊர் நல்ல மெக்கானிக்குகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆயில் மாற்றும்போது வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, சம்ப் நட்டைக் கழற்றி, பழைய ஆயில் ஒரு சொட்டுகூட உள்ளே தங்கக் கூடாது என்று அப்படியே விட்டுவிடுவார்கள். டீ குடித்துவிட்டு வந்து, சில சமயம் சாப்பிட்டுவிட்டே வந்துதான் நட்டை மாட்டுவார்கள். மற்ற வண்டிகளுக்கு இது அக்கறை. இந்த என்ஜினுக்கு ஆபத்து. இதன் ஆயில் பம்ப், தேவைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் ஆயிலை அனுப்பும் வகை. சம்ப் அதிக நேரம் காலியாகக் கிடந்தால் பம்புக்குள் நிற்கும் ஆயிலும் இறங்கிக் காற்று புகுந்துவிடும். பிறகு புது ஆயிலை நிரப்பி ஸ்டார்ட் செய்தாலும் பம்ப் இழுக்காது. டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு அணையாமல் எரியும். உடனே அணைக்காமல், ‘கொஞ்ச நேரத்துல சரியாயிடும்’ என்று ஆக்சிலரேட்டரை மிதித்தால் பேரிங்குகள் உலர்ந்து உரசி, கிராங்க் வரை போய்விடும். வடிய விடுவது பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்த என்ஜினுக்கான விதி. பழைய எண்டவர் பார்க்கப் போகிறவர், கடைசியாக ஆயில் மாற்றியது எங்கே என்று கட்டாயம் கேட்க வேண்டும். இதைப் பற்றி அந்த மெக்கானிக்கிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவர் முகத்திலேயே பதில் கிடைத்துவிடும்.

அந்த 3.2 என்ஜினுக்கு ஏறத்தாழ பத்து லிட்டர் ஆயில் வேண்டும். ஸ்விஃப்ட் போன்ற சின்ன காருக்கு மூன்று லிட்டர் சொச்சம் போதும். பெரிய வண்டியின் செலவு எங்கே தொடங்குகிறது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

இதே என்ஜினில் அடிக்கடி கேட்கும் இன்னொரு குறை இ.ஜி.ஆர். கூலர். புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்துத் திரும்ப என்ஜினுக்குள் அனுப்பும் பாகம் அது. அது உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டால் கூலன்ட் தரையில் ஒரு துளிகூடச் சொட்டாமல் குறைந்துகொண்டே வரும். வாரம் ஒருமுறை கொஞ்சம் ஊற்றினால் போதும் என்று விற்பவர் சொன்னால் அந்தக் கொஞ்சம் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் என்ஜின் சூடாகி, சிலிண்டர் ஹெட் வரை செலவு இழுக்கும். ரிசர்வாயரில் கூலன்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் தெரிந்தால், ஊற்றி ஊற்றி ஓட்டிய வண்டி என்று புரிந்துகொள்ளலாம்.

ஃபார்ச்சூனருக்கும் நோய் வரும்

‘டொயோட்டா சார், ஒண்ணும் ஆகாது’ என்பது கன்சல்டிங்குகளில் மந்திரம் மாதிரி சொல்லப்படும் வாசகம். பெரும்பாலும் உண்மைதான். அதனாலேயே அதன் பழைய விலையும் உச்சத்தில் நிற்கிறது. மூன்று லட்சம் கி.மீ. ஓடிய ஃபார்ச்சூனர்களும் இன்னோவாக்களும் நம் சாலைகளில் சாதாரணம். ஆனால் அந்த நம்பிக்கையை வைத்துத்தான் மோசமான வண்டிகளும் கைமாறுகின்றன.

2009-ல் வந்த முதல் தலைமுறை ஃபார்ச்சூனரில் இருப்பது 3.0 லிட்டர் டி-4டி என்ஜின். இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செம்பு சீல் தேய்ந்தால் எரிந்த வாயு கசிந்து ஆயிலில் கலக்கும். ஆயில் கருகி, கரிப்பிசுக்காகி, சம்ப்புக்குள் இருக்கும் உறிஞ்சி வலையை அடைக்கும். இதே என்ஜின் ஓடும் பிராடோ, ஹைலக்ஸ் வண்டிகளில் ஆஸ்திரேலியாக்காரர்கள் இதைப் பலமுறை பார்த்தவர்கள். வெளியே எதுவும் தெரியாது. திடீரென ஒருநாள் ஆயில் விளக்கு எரியும். காலையில் என்ஜின் ஜில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்து, முதல் அரை நிமிடம் வரும் சத்தத்தைக் கேட்பதுதான் இதற்கு முதல் பரிசோதனை. நீங்கள் போகும்போதே என்ஜின் சூடாக இருந்தால், ஏன் முன்கூட்டியே ஓட விட்டார்கள் என்று யோசியுங்கள். அடுத்த நாள் விடியற்காலை சொல்லாமல் போய் நில்லுங்கள்.

பிறகு ஆயில் மூடியைத் திறந்து என்ஜினை ஓட விட வேண்டும். லேசாக ஆவி வந்தால் பரவாயில்லை. குபுகுபுவென்று புகை தள்ளினால், வைத்த மூடி குதித்தால், மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்று சொல்வது இதைத்தான். பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். என்ஜினை இறக்கும் வேலை அது. பொறுமையாக விலை பேசுவதில் அர்த்தமில்லை, கிளம்பிவிடலாம்.

பி.எஸ்.6 வண்டிகளுக்கு, அதாவது 2020 ஏப்ரலுக்குப் பின் வந்தவற்றுக்கு, வேறொரு தொல்லை. டி.பி.எஃப். என்கிற கரி வடிகட்டி. சைலன்ஸர் பாதையில் இருக்கும் இது கரித்துகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவ்வப்போது கடும் சூட்டில் எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு வண்டி ஒரே சீரான வேகத்தில் பதினைந்து இருபது நிமிடமாவது ஓட வேண்டும். கோவைக்குள் காந்திபுரத்துக்கும் ஆர்.எஸ்.புரத்துக்கும் இடையே மட்டும் ஓடும் வண்டிக்கு அந்த வாய்ப்பு கிடைக்காது. சுத்தம் பாதியில் நின்றுபோகும், அடுத்த தடவையும் நிற்கும். எரிப்பதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல், சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் அளவு ‘மேக்ஸ்’ கோட்டுக்கு மேலே நிற்கும். ஆயில் கூடியிருப்பதைப் பார்த்து, புதிதாக ஊற்றியிருக்கிறார்கள் போல என்று மகிழ்கிறவர்கள் உண்டு. அது டீசல் கலந்த ஆயில்.

ஆஸ்திரேலியாவில் இந்த வடிகட்டிக் கோளாறு நீதிமன்றம் வரை போனது. 2015 முதல் 2020 வரை விற்ற ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ டீசல் வண்டிகள் இரண்டரை லட்சத்துக்கும் மேல் குறையுள்ளவை என்று 2022-ல் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டொயோட்டாவுக்கே அந்த நிலைமை என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே சில இடங்களில் வடிகட்டியைப் பிடுங்கிவிட்டு வெறும் குழாயை வைத்து வெல்டிங் அடித்துத் தருகிறார்கள். அது சட்டத்துக்கு விரோதம். புகைச் சோதனையில் மாட்டினால் வாங்கியவர்தான் பதில் சொல்ல வேண்டும். லிஃப்ட்டில் ஏற்றும்போது சைலன்ஸர் பாதையில் புது வெல்டிங் தெரிகிறதா என்று பாருங்கள்.

எந்தக் கம்பெனி வண்டியானாலும் பொதுவான சில தேய்மானங்கள் உண்டு. இரண்டு டன் எடை மேடு பள்ளத்தில் இறங்கி ஏறுவதால் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், லிங்க் ராட் எல்லாம் சின்ன காரைவிடச் சீக்கிரம் போகும். ஊட்டி, கொடைக்கானல் இறக்கத்தில் பிரேக்கையே மிதித்து இறக்கிய வண்டியில் பிரேக் அடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கும். இன்ஜெக்டர் தேய்ந்தால் ஒன்றை மட்டும் மாற்றுவது பெரும்பாலும் தற்காலிகம். எல்லாவற்றையும் மாற்றினால் ஒரு லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். ஃபோர்-வீல் டிரைவ் உள்ள வண்டியை வாங்குகிறவர், அந்தச் சுவிட்சைப் போட்டு மண் தரையில் ஓட்டிப் பார்க்காமல் வாங்கவே கூடாது. முந்தைய ஓனர் வருடக்கணக்கில் தொடாமல் விட்டிருந்தால் அது இறுகிப்போயிருக்கும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று சொல்வார்கள். கியர்பாக்ஸின் ஆயுள் முடியும்வரை என்பதுதான் அதன் உண்மையான பொருள். லட்சம் கி.மீ. தாண்டியும் மாற்றாத வண்டியில் கியர் மாறும்போது ஒரு உதறல் தெரியும். அதைப் பிரித்து வேலை பார்க்க ஒன்றரை லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை கேட்பார்கள்.

பதினைந்து லட்சத்துக்கு ஆடி

ஃபார்ச்சூனர் கேட்கும் விலைக்கே பத்து பன்னிரண்டு வருடப் பழைய ஆடி கியூ7, பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5, லேண்ட் ரோவர் டிஸ்கவரி கிடைக்கும்போது மனசு தடுமாறத்தான் செய்யும். ஃபார்ச்சூனரில் ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் கியூ7-ல் காற்றுப் பை இருக்கலாம். ரப்பர் வெடித்து லேசாகக் காற்று கசிந்தாலும் அதை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி, அதுவும் கருகும். இரவு நிறுத்திய வண்டி காலையில் ஒரு பக்கம் தரையோடு படுத்துக் கிடந்தால் அதுதான் விஷயம். டிஸ்கவரியில் டர்போ மாற்றுவதற்குப் பல வொர்க்‌ஷாப்களில் முழு பாடியையே சேஸிஸிலிருந்து தூக்குகிறார்கள். பாகத்தின் விலைக்கு மேல் கூலியே வந்துவிடும். மாதம் இருபதாயிரத்தைக் கைவிட்டுப்போன பணம் என்று நினைத்து ஒதுக்க முடியாதவர், இந்த வண்டிகளின் டெஸ்ட் டிரைவுக்குக்கூடப் போகாமல் இருப்பது நல்லது.

தண்ணீரில் நின்ற வண்டி

2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2018 கேரளப் பெருவெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலியில் வந்த வெள்ளம். ஒவ்வொன்றுக்குப் பிறகும் மூழ்கிய வண்டிகளை இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கழித்துவிட, அவற்றை ஏலத்தில் எடுத்துப் பளபளப்பாக்கி வேறு மாவட்டத்தில் விற்கிறார்கள். உயரமான வண்டி என்பதால் தண்ணீர் ஏறியிருக்காது என்று நினைக்க வேண்டாம். பார்க்கிங்கில் நின்ற வண்டிக்கு உயரம் கைகொடுக்காது.

சீட் பெல்ட்டை மெதுவாக இழுங்கள். பாதியில் நிறுத்தாமல், சுருளில் இருக்கும் கடைசி முழம் வெளியே வரும்வரை இழுங்கள். மேல்பகுதியைக் கழுவியிருப்பார்கள், அந்தக் கடைசி முழத்தை யாரும் கழுவுவதில்லை. வெளிறிய மண் கோடு ஒன்று குறுக்காகப் படிந்திருந்தால், தண்ணீர் எந்த உயரம்வரை நின்றது என்பதையும் அந்தக் கோடே காட்டிவிடும். அதற்குப் பிறகு சீட்டைப் பின்னால் தள்ளி, தண்டவாளத்தின் போல்ட்டில் துரு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். இப்படிப்பட்ட வண்டி இன்று நன்றாக ஓடும். இரண்டு மழைக்காலம் கழித்து ஒவ்வொரு வயரிங் முனையாகப் பச்சை பூக்கும்போதுதான் தொல்லை தொடங்கும்.

கடற்கரைக்குப் பக்கத்திலேயே கிடந்த வண்டிகளில் சேஸிஸ் துரு தனி விஷயம். அண்டர்பாடிக்குப் புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால், அடித்த காரணத்தைக் கேளுங்கள்.

மீட்டரைத் திருப்புவது இன்றும் நடக்கிறது. பத்து வருட டீசல் எஸ்.யூ.வி. அறுபதாயிரம் கி.மீ.தான் ஓடியது, டாக்டர் ஓட்டினார் என்பார்கள். ஸ்டீயரிங்கின் தோல் வழுவழுத்து, பிரேக் பெடல் ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்து, டிரைவர் சீட்டின் ஓரம் அமுங்கியிருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். நல்ல ஸ்கேனர் இருந்தால் பல வண்டிகளில் வேறு கன்ட்ரோல் யூனிட்டுகளில் பதிந்த கி.மீ.யையும் படிக்கலாம். கம்பெனி சர்வீஸ் பதிவேட்டை ஓனர் மூலமாகவே எடுக்கச் சொல்லுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். நாற்பதாயிரம் ஓடியதாகச் சொல்லும் வண்டியில் நான்கும் புது டயராக இருந்தால் யோசிக்க வேண்டும்.

டெல்லி வண்டிகளையும் சொல்ல வேண்டும். தலைநகர்ப் பகுதியில் பத்து வருடம் கடந்த டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அப்போதிலிருந்து அங்கே அடிமாட்டு விலைக்குப் போகும் பெரிய எஸ்.யூ.வி.க்கள் தெற்கே இறங்கின. 2025-ல் நீதிமன்றம் பிடியைத் தளர்த்தினாலும் அந்த வியாபாரம் இன்னும் இருக்கிறது. விலையைக் கேட்டதும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். என்.ஓ.சி. வாங்க வேண்டும், இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், வண்டியின் வயதைப் பொறுத்துத் தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்ட வேண்டும். புது வண்டிகளுக்கு 2023 நவம்பரிலிருந்து இருபது லட்சத்துக்கு மேல் 20 சதவிகிதம் வரி. பழைய வண்டிக்கு அது குறையும்தான், ஆனாலும் டெல்லியில் மிச்சம் பிடித்த பணத்தில் நல்ல பங்கு ஆர்.டி.ஓ. ஆபீஸிலேயே போய்விடும்.

மாதக் கணக்கு

பத்து லட்சத்துக்கு ஒரு ஃபார்ச்சூனர். மூன்று லட்சம் கையிலிருந்து, ஏழு லட்சம் கடன். பழைய கார் கடனுக்கு வட்டி எப்போதும் புது கார் கடனைவிடக் கூடுதல்தான். 14 சதவிகிதம், ஐந்து வருடம் என்று வைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 16,300 ரூபாய். முடிக்கும்போது வட்டி மட்டும் இரண்டே முக்கால் லட்சம் கட்டியிருப்பீர்கள்.

வருடம் 15,000 கி.மீ. ஓட்டினால், லிட்டருக்குப் பத்து கி.மீ. என்ற கணக்கில் 1,500 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்றாலும் 1,38,000. 1,500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டுமே 2022-ல் நிர்ணயித்தபடி 7,897 ரூபாய். வண்டிக்கான பாலிசியையும் வரியையும் சேர்த்தால் முப்பத்தைந்தாயிரத்துக்கு முன்பின் வரும். சர்வீஸ் இரண்டுமுறை, முப்பதாயிரம். டயர் ஒன்று நல்ல பிராண்டில் பதினைந்தாயிரத்துக்குக் குறையாது. ஒரு செட், பேலன்ஸிங், அலைன்மென்ட் எல்லாம் சேர்ந்து எழுபத்தைந்தாயிரம். மூன்று வருடம் வருமென்றால் வருடத்துக்கு இருபத்தைந்தாயிரம். கூட்டினால் 2,28,000. மாதம் 19,000, தவணையோடு 35,000-க்கு மேல். ஒரு பாகம்கூட உடையாத வருடத்தின் கணக்கு இது.

உடைந்தால் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். தேய்மானத்தால் கெட்டுப்போகும் எதற்கும் இன்ஷூரன்ஸ் கிடையாது. விபத்தில் உடைந்தாலும், வயதான வண்டிக்குத் தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’ பாலிசி கிடைப்பது கடினம். சாதாரண பாலிசியில் ஐந்து முதல் பத்து வருட வண்டியின் உலோகப் பாகத்துக்கு 40 சதவிகிதம் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். பத்து வருடம் தாண்டினால் 50. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு எந்த வயதிலும் பாதி. பம்பர் நொறுங்கினால் புது பம்பரின் விலையில் பாதி உங்கள் பையிலிருந்துதான். ஆகவே வண்டிக்கு என்று எடுத்து வைத்த தொகையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் வருடச் செலவுக்காகத் தொடாமல் வைத்திருங்கள். கையில் பன்னிரண்டு லட்சம் இருந்தால் உங்கள் வண்டியின் விலை ஒன்பதரை லட்சம். வருடம் எட்டாயிரம் கி.மீ.கூட ஓட்டாத, ஊருக்குள்ளேயே சுற்றுகிற குடும்பத்துக்கு இந்த வண்டி வேண்டாம். தேவைப்படும்போது டிரைவரோடு ஒரு இன்னோவாவை வாடகைக்கு எடுத்தாலே பாதிச் செலவு மிச்சமாகும்.

2025 செப்டம்பர் 22-ல் பெரிய எஸ்.யூ.வி.க்கான ஜி.எஸ்.டி., செஸ் எல்லாம் சேர்ந்து 50 சதவிகிதத்திலிருந்து 40-க்கு இறங்கியதையும் பேரத்தில் பயன்படுத்துங்கள். புது ஃபார்ச்சூனரின் சில மாடல்களின் விலையே மூன்று லட்சத்துக்கு மேல் குறைந்தது. பழைய வண்டியை அதற்கு முந்தைய விலைக் கணக்கிலேயே சொல்கிறவரிடம் இதை நினைவூட்டலாம்.

பணம் கொடுக்கும் முன்னும் பின்னும்

ஆர்.சி.யில் கடன் குறிப்பு இருந்தால் பேங்க் தரும் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நிலுவை அபராதம், எஃப்.சி., வரி எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். படிவம் 29, 30-ல் கையெழுத்து மட்டும் வாங்கி டிராயரில் போட்டு வைக்கும் பழக்கம் இரண்டு பக்கத்துக்கும் ஆபத்து. பெயர் மாறாத வண்டி யாரையாவது இடித்தால் பதிவேட்டில் இருப்பவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. இன்ஷூரன்ஸையும் பதினான்கு நாளுக்குள் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய ஓனரின் நோ-கிளைம் போனஸ் அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் எதிராளிக்கான நஷ்டஈட்டுக்கு வழி உண்டு. உங்கள் வண்டியின் பழுதுக்குக் காசு வராது.

வண்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே மெக்கானிக்கிடம் விட்டு என்ஜின் ஆயில், கியர் ஆயில், முன்பின் டிஃபரன்ஷியல் ஆயில், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில், கூலன்ட், பிரேக் ஃப்ளூயிட், எல்லா ஃபில்டர் என மொத்தமாக மாற்றிவிடுங்கள். ‘போன மாசம்தான் மாத்தினேன்’ என்ற பேச்சைக் கணக்கில் எடுக்க வேண்டாம், பில் இருந்தால் மட்டும் விடுங்கள். முதல் தலைமுறை ஃபார்ச்சூனர்போல டைமிங் பெல்ட் உள்ள என்ஜினாக இருந்து, எத்தனை கி.மீ.யில் மாற்றினார்கள் என்பதற்கு எழுத்து இல்லையென்றால், மாற்றவேயில்லை என்று வைத்துக்கொண்டு அதையும் டென்ஷனரையும் அதே நாளில் மாற்றச் சொல்லுங்கள். ஓடும்போது அந்த பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பெல்ட் மாற்றும் செலவைப்போலப் பல மடங்கு அதில் போய்விடும்.